விளக்கு வைக்கும் நேரத்தில் வருகிறவர்

மகனே,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலம் என்று நீ எழுதியிருப்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. கல்யாணமாகிப் பெரம்பூருக்குக் குடிபோன நாளிலிருந்து நீ போட்டதெல்லாம் கார்டு. அதிலும் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கும். இந்தத் தடவை கவர் வாங்கி, உள்ளே தாள் மடித்து வைத்து, எழுத்தையும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாய். நலமாக இருக்கிற பிள்ளை அம்மாவுக்கு அவ்வளவு எழுதமாட்டான். கல்யாணச் செலவுக்கும் வீட்டு அட்வான்சுக்கும் வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை என்பதை நடுவில் ஒரு வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். அடுத்த வரியை வேடிக்கை போல எழுதியிருக்கிறாய். நீ மத்தியான ஷிப்டில் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும்போது, சரோஜா விளக்கு ஏற்றுகிற நேரம் பார்த்து ஒருவர் வந்து உன்னைக் கேட்கிறாராம். அவள் "வருவாரு" என்கிறாளாம். "அப்ப இருக்கறேம்மா" என்று எதிரே குழாயடி மேடையில் உட்கார்ந்துவிடுகிறாராம். சத்தம் கிடையாது, திட்டு கிடையாது, பணம் என்ற பேச்சே கிடையாது, ரொம்ப மரியாதைப்பட்ட மனுஷன் என்று மெச்சியிருக்கிறாய். நீ எழுதுவதற்கு முதல் நாள் அவளிடம், "ஒர்க்‌ஷாப் கேட்டாண்ட பாத்தேம்மா, இருமிகினு இருந்தாரு" என்றாராம். அதிலிருந்து அவள் பயந்து கிடக்கிறாளாம். உனக்கு லேசான இருமல்தானாம். அவளுக்குத் தைரியமாக ஒரு வார்த்தை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறாய்.

தைரியம் எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் எனக்கே அது வேண்டியிருந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு, புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். கோழி வந்து கொத்தியதுகூடத் தெரியவில்லை. நீ பட்டாளத்தில் இருந்தபோது இந்த வீட்டு வாசலுக்கும் ஒருவர் இதே நேரத்துக்கு வந்தார். இதே கேள்வியைத்தான் கேட்டார். நானும் சரோஜா சொன்ன பதிலைத்தான் சொன்னேன். அவரும் இவரும் ஒரே ஆள் என்று நான் சொல்லவரவில்லை. கடன் வசூலிக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள், அந்திப் பொழுதில் வருவது அவர்களுக்குத் தோதாகவும் இருக்கும். நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார்த்துக்கொள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நீ திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக வந்தாய், உடனே சொல்ல மனசு வரவில்லை. பிறகு கல்யாணப் பேச்சு வந்தது, மஞ்சள் இடிக்கிற வீட்டில் எவள் இதைப் பேசுவாள்? இதைப் படித்து முடித்ததும் சரோஜாவுக்கும் படித்துக் காட்டு. பகலில் படி.

நம் கிணற்றுக்காக உன் அப்பா பஜார் சாவுக்காரரிடம் கடன் வாங்கியது உனக்குத் தெரியும். கடன் நோட்டில் நீயும் கையெழுத்துப் போட்டாய். மீசை அரும்பியதும் கையெழுத்துப் போடக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் என்று உனக்கு ஒரே பெருமை. கிணற்றில் பாறை வந்தது, தண்ணீர் வரவில்லை. அடுத்த வருஷமே அப்பா போய்விட்டார். சம்பளத்தில் கடனை அடைத்துவிடலாம் என்று நீ பட்டாளத்தில் சேர்ந்தாய். போகாதே என்று நான் சொன்னேன், நீ கேட்கவில்லை. அந்த விஷயத்தில் நீ அப்பா பிள்ளை. கொஞ்ச நாள் கடிதம் வந்தது. சண்டைக் காலம் என்பதால் நடுவில் கறுப்பு மையால் அடித்துத்தான் வரும், அடிபடாத இடத்தில் சௌக்கியம் என்று இருக்கும். அப்புறம் அதுவும் நின்றது. தினமும் தபால்காரர் நம் தெருவுக்குள் திரும்பும்போது நான் வாசலில் நிற்பேன். அவர் நம் வீட்டண்டை வரும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போவார். பாவம், அவர் என்ன செய்வார்.

அப்படி ஒரு மாலையில்தான் அந்த ஆள் வந்தார். நான் மாடத்தில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வேப்பமரத்தடியிலிருந்து "தம்பி இருக்காராம்மா?" என்று குரல் கேட்டது. நடுத்தர வயசு, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அக்குளில் குடை. "எந்தத் தம்பி?" என்றேன். உன் பெயரைச் சொன்னார். ரேஷன் கார்டில் இருக்கிற பெயரை இல்லை, வீட்டில் உன்னைக் கூப்பிடுகிற பெயரை. "சாவுக்காரர் ஊட்லேந்து வரேன்" என்றார். இப்போது நம் வழக்கத்தை யோசித்துப் பார். விளக்கு வைக்கிற வேளையில் உப்புத் தீர்ந்துவிட்டால்கூட 'இல்லை' என்று சொல்லமாட்டோம், நாளைக்கு வாங்கவேண்டும் என்போம். அந்த நேரத்தில் சொன்னது பலித்துவிடும் என்று பயம். உப்புக்கே அப்படி என்றால், கடிதம் நின்றுபோன பிள்ளையைப் பற்றி எந்த வாய் அந்தச் சொல்லைச் சொல்லும்? "வருவான்" என்றேன். "ஆங், அப்ப இருக்கறேம்மா" என்று மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். நன்றாக இருட்டிய பிறகு பார்த்தேன், கல் காலியாக இருந்தது. எழுந்து போனதை நான் பார்க்கவில்லை.

மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். விளக்கில் திரியைத் தூண்டி நிமிர்ந்தால் அந்தக் குரல் கேட்கும். கேட்பார், நான் சொல்வேன், உட்காருவார். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்பார். தெருவில் எவன் நடந்தாலும் குரைக்கிற அந்தச் செவலை நாய், அவர் இருக்கும்வரை தெருவோரத்து வண்டிக்கடியில் சுருண்டு கிடக்கும். கல்லின் நடுவில் அவர் உட்காரமாட்டார். ஒரு ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டிருப்பார். என்னைப் பார்த்தே பேசமாட்டார். எனக்குப் பின்னால், வீட்டுக்குள், நடையின் இருட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார். எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அண்டை அயலார் அந்த நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். "உன்னைத் தேடி வர்றாரு, நீயே பேசிக்கோ" என்று எதிர்வீட்டுக்காரி ஒருநாள் சொன்னாள். அவள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

பணம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு மாலை, "அரக்கோணம் ஸ்டேசன்ல பட்டாளத்து வண்டி நின்னுதும்மா. தம்பிய பாத்தேன். தாடி உட்டுகினு இருந்தாரு" என்றார். எனக்கு உயிர் வந்தது. எப்படி இருந்தான், என்ன சொன்னான், எந்தப் பக்கம் போகிற வண்டி என்று கேட்டேன். "அதெல்லாம் அப்பால சொல்றேம்மா. வெறுங்கையோட போனா அங்க கேப்பாங்க. அந்த சொம்பக் குடுங்க" என்றார். கொடுத்துவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு சேதிக்கும் ஒரு சாமான் போயிற்று. செம்புத் தவலை போயிற்று, சோறு வடிக்கிற வெண்கலப் பானை போயிற்று. நான் மண்சட்டியில் பொங்கித் தின்றேன். ரசீது கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சேதியைத்தான் வாங்கினேன், சேதிக்கு யாராவது ரசீது கேட்பார்களா? அப்புறம் விலைபோகிற சாமானை விட்டுவிட்டு, நீ சாப்பிடுகிற தட்டைக் கேட்டார். பிறகு கொடியில் கிடந்த உன் பழைய சட்டையைக் கேட்டார். "இது கிழிசல், இதுக்கு இன்னா வெல வரும்?" என்றேன். "வெலைக்குக் கேக்கலம்மா" என்றார். அதையும் கொடுத்தேன். மறுநாள் வந்து, "படுத்துகினு இருக்காரும்மா. தலைய மழிச்சிட்டாங்க. சோறு எறங்கல" என்றார். அரக்கோணத்தில் வண்டியில் போன பிள்ளை எங்கே படுத்திருக்கிறான், அதை இவர் எப்படிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

இதில் மோசம் என்ன தெரியுமா? நான் அவருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். ஊரில் உன்னைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. பேசினால் என்ன சொல்லிவிடுவோமோ என்று ஒதுங்கினார்கள். உன்னை உயிரோடு இருக்கிறவனாக வைத்துக் கேட்டது அவர் ஒருவர்தான். மதியத்திலிருந்தே விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு, வெயில் எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மேகம் மூடி இருட்டினால் சீக்கிரமே விளக்கேற்றுவேன். அன்றைக்கு அவரும் சீக்கிரமே வந்திருப்பார்.

அந்த ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து பாவா வந்தார். சரோஜாவுக்கு அவரைத் தெரியாது. என் அக்கா புருஷன், தறி நெய்கிறவர், வாய் ஓயாத மனுஷன் என்று சொல். மலைமேல் காவடி செலுத்திவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, கூட்டத்தைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். மண்சட்டியில் சோறு போட்டதைப் பார்த்ததும், "இன்னா இது, ஊட்ல இருந்த ஏனம் பாத்திரம்லாம் எங்க?" என்றார். நான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டது, மரத்தடிக்கு அவரும் வந்துவிட்டார். பாவா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"இன்னாங்க, கோர்ட்டு காயிதம் எதனா வச்சிகினு இருக்கீங்களா?"

"காயிதம் எதுக்குங்க? நான் ஒண்ணும் கேக்கலியே. தம்பி வருவாருன்னு அம்மா சொன்னாங்க. காத்துகினு இருக்கேன்."

"எவ்ளோ நாளு காத்துகினு இருப்பீங்க?"

"அம்மா வருவாருன்னு சொல்ற வரைக்கும்."

பாவா உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அவர் வீட்டுக்கே ஒரு தடவை நூல் கடனுக்காக ஜப்தி வந்திருக்கிறது, அதனால் விஷயம் தெரிந்தவர். "எங்க ஊட்டுக்கு கோர்ட்டு அமீனா வந்தப்போ நல்ல வெயிலு. தெருவுல நின்னு காயிதத்தப் படிச்சிக் காட்னாரு. பொம்பளைங்க உள்ள இருந்தா வெளிய வந்துடுங்க, நான் நிக்கறேன்னு நின்னாரு. தறியத் தொடல. சோறாக்கற சட்டி, படுக்கற பாயி, உங்க அக்கா கழுத்துல இருந்த தாலி, ஒண்ணத்தயும் தொடல. அதெல்லாம் தொடக்கூடாதாம், சட்டத்துல இருக்குதாம். ஒரு கன்னுக்குட்டியத்தான் ஓட்டிகினு போனாரு, அதையும் எழுதிக் குடுத்துட்டுத்தான் போனாரு. பொழுது சாஞ்சா கோர்ட்டு ஆளே ஊட்டுக்குள்ள காலு வைக்கக்கூடாது. இவன் யாரு, உன் சோத்துப் பானையத் தூக்கிகினு போறதுக்கு?" என்றார். கடன் பாக்கிக்காகப் பெண்பிள்ளையைக் கோர்ட்டுகூட ஜெயிலுக்கு அனுப்பாது என்றார். சண்டைக்குப் போன பட்டாளத்துக்காரன்மேல் வழக்குப் போட்டாலும் அவன் திரும்பும்வரை நிறுத்திவைக்கக் கேட்கலாமாம். "சட்டப்படி வழி இல்லாததாலதான் இவன் இப்டி வந்து குந்திகினு இருக்கான். 'அவன் இங்க இல்ல, போ'ன்னு ஒரு வார்த்த சொல்லு, போய்டுவான்."

"விளக்கு வச்ச நேரத்துலயா பாவா? பட்டாளத்துல இருக்கற புள்ளையவா?" என்றேன்.

வாய் ஓயாத மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆங். அது கஷ்டந்தான்" என்றார். "நீங்க சொல்லுங்களேன்" என்றேன். "நான் சொல்லமாட்டேம்மா. அத நீதான் சொல்லணும்" என்றார். விடிந்ததும் முதல் வண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போனபிறகு யோசித்தேன். அவர் சொன்னது சட்டம், என் பயம் சட்டத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் ஒரு பயத்துக்குப் பதில் கிடைத்தால் இன்னொன்றை எதிர்த்து நிற்கக் கொஞ்சம் தெம்பு வருகிறது. பகலிலேயே பஜாருக்குப் போய்ச் சாவுக்காரர் கடை வாசலில் நின்றேன். உன் அப்பா போன பிறகு அந்தப் படியை நான் மிதித்ததில்லை, வெட்கம். அதைத்தான் முதல் நாளே செய்திருக்கவேண்டும். ஆள் அனுப்புவதை நிறுத்துங்கள், என் பிள்ளை வந்ததும் கொடுப்போம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த ஆளும்மா? பட்டாளத்துக்குப் போன புள்ள ஊட்டுக்கு ஆள் அனுப்ப எனக்கு இன்னா பைத்தியமா? உங்க ஊட்டுக்கு நான் யாரையும் அனுப்பல" என்றார். தவலை, பானை எதுவும் அவரிடம் வந்து சேரவில்லை. ஆள் எப்படி இருப்பார் என்று சொன்னேன். அப்படி ஒருவரைத் தனக்குத் தெரியாது என்றார். திருடன் ஒருவன் சாவுக்காரர் பெயரைச் சொல்லி என்னை ஏய்த்திருக்கிறான் என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஆத்திரம். அந்த ஆத்திரம் எனக்கு வேண்டித்தான் இருந்தது.

அன்று மாலை விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் கல்லில் உட்காரவில்லை. முதல் தடவையாகத் தெருவைத் தாண்டி வந்து, வாசற்படிக்குக் கீழே நின்றார். விளக்கு வெளிச்சம் அவர் வேட்டிவரைக்கும் விழுந்தது, முகத்துக்கு எட்டவில்லை.

"தம்பி படுக்கற எடத்த உள்ள வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போய்டறேம்மா. அதோட நான் வரமாட்டேன்."

ஒரு கணம் சரி என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அத்தோடு விட்டுவிடுவார் என்றால் போதும் என்று இருந்தது. அப்போது பாவா சொன்னதுதான் நாக்கில் வந்தது. "பொழுது சாஞ்சா கோர்ட்டு அமீனாவே உள்ள வரக்கூடாது. நீங்க யாரு?" என்றேன்.

"அமீனா வர்ற வேலைக்கு நான் வரலம்மா. வருவாருன்னு நீங்கதான் சொன்னீங்க. அதான் கேக்கறேன்."

"சாவுக்காரரைப் பாத்துட்டு வந்துட்டேன். அவரு உங்கள அனுப்பல."

"அவரு அனுப்புனாருன்னு நான் எப்பம்மா சொன்னேன்? அவரு ஊட்லேந்து வரேன்னுதான் சொன்னேன். அவரு ஊட்டுக்கும் போயிருந்தேன்." சாவுக்காரரின் மூத்த மகன் அந்தச் சித்திரையில்தான் அம்மை போட்டு இறந்துபோயிருந்தான். அது எனக்கு அந்த இடத்தில் நினைவுக்கு வந்தது. நகர்ந்து வாசலை மறித்து நின்றேன்.

"என் புள்ள இங்க இல்ல" என்றேன். "எப்ப வருவான்னு எனக்குத் தெரியாது. அவனத் தேடிகினு இந்த வாசலுக்கு வராதீங்க."

"இல்லியாம்மா?"

"இல்ல."

"செரிம்மா. அப்டியே போய் சொல்லிடறேன்" என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்தார். மழை ஒன்றும் இல்லை. பஜார் பக்கம் போகாமல், நந்தியாற்றுக்குப் போகிற பாதையில் போனார். செவலை நாய் வண்டிக்கடியிலிருந்து வந்து அவர் நின்ற இடத்தை முகர்ந்து பார்த்தது. கதவைச் சாத்திவிட்டு, வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு அழுதேன். பெற்ற வாயாலே பிள்ளையை இல்லை என்று சொல்லிவிட்டேன், அதுவும் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு. உன்னை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதன்பிறகு அவர் வரவில்லை. வந்தால் தேவலை என்றுகூட இருந்தது, மகனே. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவரை விட்டால் எனக்கு யாரும் இல்லை. தபால்காரரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அவர் தெருவில் திரும்பினால் கொல்லைக்குப் போய்விடுவேன்.

நீ திரும்பி வந்தாய். டிரங்குப் பெட்டியோடு அதே தெருவில் நடந்து வந்தாய். தொப்பியைக் கழற்றியபோது மழித்த தலையில் மயிர் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றாய். சாவுக்காரருக்குச் சேரவேண்டியதை நாம் இருவரும் போய்ப் பகலில், கடையில் வைத்துக் கொடுத்து, நோட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்தோம். ஆகவே கடனைக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. வாங்கியதைக் கொடு. ஆனால் யாரிடம் வாங்கினாயோ அவரைத் தேடி நீயே பட்டப்பகலில் போ. தவணை கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆள் அனுப்பினீர்களா என்று அவரிடமே கேட்டுவிடு. அனுப்பியிருந்தால் நல்லது, நான் நிம்மதியாகச் சாவேன். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கு. சரோஜா எந்தக் காகிதத்திலும் ரேகை வைக்கவேண்டாம், தனியாக இருக்கும்போது யாருக்கும் தாழ் திறக்கவேண்டாம். அவள் வீட்டு வாசற்படி அவளுடையது. வாடகை வீடாக இருந்தாலும் அவளுடையதுதான். முக்கியமாக, உன் தட்டையோ துணியையோ இதுவரை அவருக்குக் கொடுத்திருக்கிறாளா என்று கேள். கொடுத்திருந்தால் திட்டாதே. நானும் கொடுத்தவள்தான்.

திருடன் என்றே நானும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன், நீ வந்து சில நாள் ஆகும்வரை. ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே, ஊர்க்கதை பேசுகிற மாதிரி நீ சொன்னாய். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. "காய்ச்சல்ல கெடந்தப்போ சாயங்காலமானா ஒரு ஆளு கட்டிலாண்ட வந்து நிப்பான்மா. நம்ம ஊட்ல கூப்புடற பேரச் சொல்லிக் கூப்புடுவான். கெளம்பு, நேரமாச்சும்பான். நானும் எழுந்திரிக்கப் பாப்பேன், முடியாது. பக்கத்துக் கட்டில்ல இருந்தவன் ஒருத்தன் எழுந்து அவங்கூடப் போய்ட்டான். விடிஞ்சா அந்தக் கட்டிலு காலி. அப்பால ஒரு நாளு வந்தான். என்னத் தாண்டிப் பாத்தான். 'இங்க இல்லியாம்'னு யார்கிட்டயோ சொல்லிட்டுப் போய்ட்டான். அன்னிக்குத்தான் காய்ச்சல் உட்டுது" என்று சொல்லிச் சிரித்தாய். காய்ச்சலில் என்னென்னவோ தெரியும் என்றாய். நான் உனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். ரசம் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அது எந்த நாள் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன், நீயும் சொல்லவேண்டாம்.

சரோஜாவைத் தப்புச் சொல்லாதே. புதுப்பெண், ஆசையாக இருக்கிற புருஷன், விளக்கு வைக்கிற நேரம். 'இல்லை' என்ற அந்த வார்த்தைக்கு அவளுக்கு நாக்கு எழாது. எனக்கே எழவில்லை. அவள் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதுவரைக்கும் நான் இங்கே உட்கார்ந்திருக்கமுடியாது. ஆட்டை எதிர்வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டேன். உன் இருமலுக்குத் தூதுவளை பறித்து மூட்டை கட்டியாயிற்று. இந்தக் கடிதம் வந்த மறுநாள் காலை வண்டியில் நான் பெரம்பூரில் இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வரவேண்டாம், வழி கேட்டுக்கொண்டு வரத் தெரியும். நீ வழக்கம்போல வேலைக்குப் போ. சாயங்காலம் விளக்கை சரோஜா ஏற்றட்டும். வாசலில் நான் நிற்கிறேன்.

உன் அம்மா